நுரையீரல் நோயோடு விமானம் ஏறலாமா?

கடிதத்தின் சுருக்கம்

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருக்கு 57 வயது, கணவருக்கு 64. கணவர் கிரானைட் பாலிஷ் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர், பீடியும் பிடித்தவர். மூன்று வருடத்துக்கு முன் பீடியை விட்டுவிட்டார். சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட மூச்சு வாங்கவைக்கும் நுரையீரல் நோய்) என்று சொல்லி இரண்டு வகை இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மிஷினை விரலில் மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 93 சதவீதம் காட்டுகிறது. ஜனவரியில் சளி கட்டி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். முதல் பிரசவம், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் இதுவரை விமானம் ஏறியதில்லை.

அவருடைய பயங்கள் பல. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருக்கிற காற்றையே முந்நூறு பேர் ஒன்பது மணி நேரம் சுவாசிக்க வேண்டுமா? எஞ்சினிலிருந்து காற்று வருகிறதாமே, புகை கலக்காதா? ‘எல்லாம் ஆட்டோமேட்டிக்’ என்கிறான் மகன். அந்த ஆட்டோமேட்டிக் நின்றுபோனால்? பயணிகளுக்கு மூக்கில் ரத்தம் வந்த வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. மூச்சு வாங்கினால் மேலிருந்து மாஸ்க் வந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் தைரியம் சொல்லியிருக்கிறார். ஏர்லைன்ஸிடம் நோயைச் சொன்னால் ஏற்ற மாட்டார்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று மகன் எச்சரித்திருக்கிறான். ‘நான் மட்டும் போனால் அவரைத் தவிக்க விட்டுப் போனதாக ஊர் பேசும்’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள அம்மா,

கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘போன மே மாதம் ஊட்டிக்குப் போனோம், லாட்ஜ் படி ஏறும்போது அவருக்கு ரொம்ப மூச்சு வாங்கியது, விரல் மிஷின் 86 காட்டியது, மிஷின் சரியில்லை என்று விட்டுவிட்டோம்.’ அம்மா, மிஷின் சரியாகவே இருந்திருக்கலாம். குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் அளவைக் குறைத்துக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு மூச்சும் வாங்கியிருக்கிறது, எண்ணும் இறங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் மிஷினைச் சந்தேகப்பட மாட்டேன். உங்கள் கேள்விகளுக்கெல்லாம் இந்த வரிதான் அடிப்படை. ஏனென்றால் பறக்கிற விமானத்துக்குள் நாம் சுவாசிப்பது கிட்டத்தட்ட ஊட்டிக் காற்று.

உள்ளே இருக்கிற காற்று

நீண்ட தூர விமானங்கள் 35,000 முதல் 40,000 அடி உயரத்தில் பறக்கின்றன. வெளியே மைனஸ் 55 டிகிரியை ஒட்டிய குளிர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் காற்றைச் சுவாசித்தால் நல்ல உடம்புள்ளவரே ஒரு நிமிடத்துக்குள் நிதானம் இழந்துவிடுவார். அதனால்தான் விமானத்துக்குள் அழுத்தத்தை ஏற்றி வைக்கிறார்கள். தரையில் இருக்கிற அளவுக்கே ஏற்றிவிட்டால் உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை மிகவும் கூடிவிடும், விமானத்தின் உடலை இன்னும் கனமாகக் கட்ட வேண்டிவரும். ஆகவே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வழக்கமான பறப்பில் உள்ளே இருக்கிற காற்று 8,000 அடி மலைமேல் இருப்பதைவிட மெலிந்துபோகக் கூடாது. நடைமுறையில் 6,000 அடிக்கும் 8,000 அடிக்கும் நடுவில் நிற்கும். ஊட்டி சுமார் 7,350 அடி. நம் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 1,500 அடியை ஒட்டியவை.

காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு ஊட்டியிலும் காவேரிப்பட்டணத்திலும் ஒன்றுதான், 21 சதவீதம். மேலே போகப் போகக் குறைவது அழுத்தம். அழுத்தம் குறைந்தால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளுகிற விசை குறைகிறது. 8,000 அடியில் மூச்சு விடுவது, கீழே சமவெளியில் 15 சதவீதம்தான் ஆக்ஸிஜன் இருக்கிற காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம்.

கதவைச் சாத்தினால் காற்று அடைபட்டுப்போகும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். பறக்கும் நேரம் முழுக்கப் புதுக் காற்று உள்ளே வந்துகொண்டும் பழைய காற்று வெளியே போய்க்கொண்டும் இருக்கிறது. மணிக்கு 20 முதல் 30 தடவை உள்காற்று முழுவதும் மாறுகிறது. அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. அதில் பாதியளவு புதிதாக வெளியிலிருந்து வருவது. மீதி, கேபின் காற்றையே வடிகட்டித் திரும்பவும் விடுவது. அந்த ஹெபா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள நுண்துகளில்கூட 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். காற்று தலைக்கு மேலிருந்து இறங்கி, கால்பக்கம் இருக்கிற ஜன்னலோரக் கம்பித் தடுப்பு வழியாகப் போகிறது. பத்து வரிசைக்கு முன்னால் இருமுகிறவரின் மூச்சு நேராக உங்களிடம் வராமல் இருக்க இந்த ஓட்டம் பெரிதும் உதவுகிறது. சந்தை நாளில் நிற்க இடமில்லாத டவுன் பஸ்ஸில் போகும்போது உங்கள் வீட்டுக்காரருக்குத் தொற்று வருமோ என்று நான் கவலைப்படுகிற அளவுக்கு, பறக்கிற விமானத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குச் சளி இருந்தால் மட்டும் உங்கள் வீட்டுக்காரர் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும்.

எஞ்சின் புகையும் கலப்பதில்லை. ஜெட் எஞ்சினின் முன்பக்கம் வரிசை வரிசையாகச் சுழலும் தகடுகள் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகின்றன. எரிபொருள் எரிவது அதற்குப் பின்னால் இருக்கிற அறையில். கேபினுக்கான காற்றை எரிபொருள் சேருவதற்கு முன்பே குழாய் வழியாக எடுத்துவிடுகிறார்கள். அழுத்தியதால் அது கொதிக்கிற சூட்டில் இருக்கும். விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ‘பேக்’ என்று அழைக்கப்படும் குளிரூட்டும் எந்திரங்கள் அந்தச் சூட்டைத் தணித்து, ஈரத்தைப் பிரித்து உள்ளே அனுப்புகின்றன. போயிங் 787-இல் எஞ்சினிலிருந்து எடுப்பதே இல்லை. மின்சாரத்தில் ஓடும் தனிக் கம்ப்ரஸர்கள் நேராக வெளிக்காற்றை எடுத்துத் தருகின்றன. எப்போதாவது எஞ்சின் எண்ணெய் கசிந்து ஒரு முடைநாற்றம் வருவது உண்டு. அப்படி ஏதாவது உணர்ந்தால் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். அது அரிது.

‘ஆட்டோமேட்டிக்’ என்றால் என்ன?

உங்கள் மகன் சொன்னது சரி. ஆனால் அவர் விளக்காமல் விட்டதால்தான் உங்களுக்குப் பயம் வந்திருக்கிறது.

உள்ளே வரும் காற்று ஏறக்குறைய ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அழுத்தத்தைத் தீர்மானிப்பது, காற்று வெளியே போகிற வழி. விமானத்தின் வால்பக்க அடிப்பகுதியில் ஒரு வால்வு இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்போது, கீழ்க்குழாயைக் கூட்டியும் குறைத்தும் தண்ணீர் மட்டத்தை ஒரே அளவில் நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வால்வு கொஞ்சம் திறந்தால் உள்ளே அழுத்தம் குறையும், மூடினால் கூடும். அந்த வால்வை நொடிக்கு நொடி நகர்த்துவது கம்ப்யூட்டர். விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்த உயரத்துக்குப் போகப்போகிறது, இறங்கப்போகும் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பெங்களூர் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு 3,000 அடி மேலே. ஃபிராங்க்ஃபர்ட் 364 அடிதான். அங்கே சக்கரம் தரையைத் தொடும்போது உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஒன்றாக இருக்கும்படி அது கணக்குப் போட்டு இறக்கிக்கொண்டே வரும்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வேலை செய்யும்போது மற்றது தயாராக நிற்கும். ஏர்பஸ் ஏ320 ரகத்தில் ஒவ்வொரு தரையிறக்கத்துக்குப் பிறகும் முறை மாறிக்கொள்ளும். இரண்டும் பழுதானால் விமானி கையாலேயே வால்வை இயக்கலாம், அதற்குத் தனி மோட்டார் உண்டு. இதெல்லாம் தவறி அழுத்தம் அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியேற்றும் பாதுகாப்பு வால்வுகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை, அழுத்தமே அவற்றைத் திறந்துவிடும். உள்ளழுத்தம் குறைந்துகொண்டே போய்ச் சுமார் 10,000 அடி அளவுக்கு மெலிந்தால் விமானிகளுக்கு எச்சரிக்கை வரும். சுமார் 14,000 அடி அளவை எட்டினால் பயணிகளின் மாஸ்க்குகள் தாமே விழும். விமானிகள் தங்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கீழே மலை இல்லாத இடமானால் சில நிமிடங்களில் 10,000 அடிக்கு இறக்கிவிடுவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தவறே நடக்காது என்று சொன்னால் அது பொய். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் போன ஹீலியோஸ் நிறுவன விமானம் விழுந்து 121 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு தரையில் நடந்த சோதனைக்காக அழுத்தக் கட்டுப்பாட்டின் சுவிட்சை ‘கையால்’ என்ற நிலைக்கு மாற்றியிருந்தார்கள். அதைத் திரும்ப ‘தானியங்கி’க்கு மாற்றாததை விமானிகள் கவனிக்கவில்லை. எச்சரிக்கை ஒலித்தபோது, தரையில் கிளம்பும் சமயம் கேட்கிற வேறொரு எச்சரிக்கை என்று நினைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் ஒரே சத்தம். பிறகு அந்த ரக விமானங்களில் தனி எச்சரிக்கை விளக்கு சேர்க்கப்பட்டது. நீங்கள் பார்த்த வீடியோ 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய விமானத்தினுடையதாக இருக்கும். எஞ்சினிலிருந்து காற்று எடுக்கும் சுவிட்சைப் போடாமலே கிளம்பிவிட்டார்கள். அழுத்தம் ஏறவில்லை, மாஸ்க்குகள் விழுந்தன, சுமார் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பி இறங்கியது. இரண்டிலும் எந்திரம் பழுதாகவில்லை. சுவிட்ச் சரியான இடத்தில் இல்லை. உலகம் முழுக்க ஒவ்வொரு நாளும் பல்லாயிரம் விமானங்கள் பறக்கிற கணக்கில் இப்படிப்பட்டவை மிக மிக அபூர்வம். இதை நினைத்து நீங்கள் பயணத்தைக் கைவிட வேண்டாம்.

நான் கவலைப்படுவது வேறு. அந்தக் கம்ப்யூட்டர்கள் காப்பாற்றுவது கேபினின் அழுத்தத்தை. 7,000 அடி அளவில் அதை வைத்துவிட்டால் அவற்றின் கணக்கில் எல்லாம் சரி. 23-ஆம் வரிசையில் உட்கார்ந்திருக்கிற உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தக் காற்று போதுமா என்பதை அளக்கும் கருவி எதுவும் அதில் இல்லை.

மேலிருந்து விழும் மாஸ்க்

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் இதை நம்பி ஏறக் கூடாது. கேபின் முழுவதும் அழுத்தம் இழந்தால்தான் அந்த மாஸ்க் விழும். ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்பதற்காக விழாது. பல விமானங்களில் அதற்குள் சிலிண்டர்கூடக் கிடையாது; மாஸ்க்கை இழுத்ததும் ஒரு ரசாயனம் சூடேறி ஆக்ஸிஜனை வெளியிடும், ஏறத்தாழ 12 முதல் 20 நிமிடம் வரும், பிறகு நின்றுவிடும். விமானம் கீழே இறங்குவதற்கு அது போதும். ஒன்பது மணி நேரத்துக்கு அது துணை இல்லை. முதலுதவிக்கு என்று பணியாளர்களிடம் சில சிறிய சிலிண்டர்கள் இருக்கும். அவசரத்துக்குக் கொடுப்பார்கள். அவையும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஊரில் வாடகைக்கு எடுக்கிற ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கையில் கொண்டுபோகலாம் என்றும் யோசிக்காதீர்கள், அனுமதிக்க மாட்டார்கள். சுற்றியுள்ள காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற, பேட்டரியில் ஓடும் சிறிய ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரை அனுமதிப்பார்கள். மாடல் அந்த ஏர்லைன்ஸ் ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பொதுவாகப் பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கேட்பார்கள். மாற்று பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சில நிறுவனங்கள் தாங்களே ஆக்ஸிஜன் ஏற்பாடு செய்து தருவார்கள், அதற்குக் கட்டணம் இருக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்?

நல்ல நுரையீரல் உள்ளவருக்கு விரல் மிஷின் தரையில் 97, 98 காட்டும். விமானத்தில் அது 90-ஐ ஒட்டி இறங்கினாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் தொடங்குவதே 93-இல். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறுகிற விதம் நேர்கோடாக இருப்பதில்லை. மேலே இருக்கும்போது அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் அளவு அசையாது. 90-ஐ நெருங்கிவிட்டால் சிறிது குறைந்தாலே வேகமாகச் சரியும். 93 ஊட்டியில் 86 ஆனதற்குக் காரணம் இதுதான். அதுவும் ஊட்டியில் நல்ல காற்றில், நினைத்தால் உட்கார்ந்துகொள்ளலாம் என்ற வசதியோடு. விமானத்தில் தூங்கும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும்.

ஓய்வில் 95-க்கு மேல் இருப்பவர்களுக்கு, வேறு சிக்கல் இல்லையென்றால், பொதுவாகத் தடையில்லை. 92-க்குக் கீழே இருந்தால் விமானத்தில் ஆக்ஸிஜன் வேண்டும். நடுவில் இருப்பவர்களைத்தான் பரிசோதித்துப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அவர் அந்த நடுவில் இருக்கிறார், கூடவே ஊட்டிக் கணக்கும் இருக்கிறது. ஆகவே வெறும் எண்ணை வைத்து ‘போகலாம்’ என்று நான் எழுத மாட்டேன்.

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, ஆறு நிமிட நடைப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஹீமோகுளோபின் அளவு ஆகியவை முதலில் வேண்டும். ரத்த சோகை இருந்தால் இருக்கிற ஆக்ஸிஜனையும் சுமக்க ஆளில்லாமல் போகும், அதைச் சரிசெய்துவிட்டே கிளம்பலாம். முடிந்தால் 15 சதவீத ஆக்ஸிஜன் காற்றைச் சுவாசிக்க வைத்து 20 நிமிடம் பார்க்கிற பரிசோதனை ஒன்று உண்டு. விமானத்துக்குள் என்ன ஆகும் என்பதை அது தரையிலேயே காட்டிவிடும். எல்லா ஊரிலும் செய்ய மாட்டார்கள். பெங்களூரிலோ வேலூரிலோ பெரிய மருத்துவமனைகளில் விசாரியுங்கள்.

எக்ஸ்ரேயைத் தனியாக அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் மாவட்டங்களில் கிரானைட் அறுப்பு, பாலிஷ் வேலை பார்த்தவர்களுக்கு சி.ஓ.பி.டி. என்று எழுதியிருந்தாலும், கூடவே கல்தூசியால் வரும் சிலிகோசிஸும் இருக்கலாம். சிலிகோசிஸ் உள்ள நுரையீரலில் காசநோய் எளிதாகப் பிடிக்கும். ஜனவரியில் வந்த சளி முழுதும் போய்விட்டதா, இருமல் இன்னும் இருக்கிறதா, எடை குறைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கோழைப் பரிசோதனை செய்துவிடுங்கள். காசநோய் இருந்து, பிறருக்குத் தொற்றுகிற நிலையில் இருந்தால், மருந்து சாப்பிட்டு அந்த நிலை நீங்கும்வரை விமானம் ஏறக் கூடாது. போய்ச் சேருமிடத்தில் பச்சைக் குழந்தை இருக்கப்போகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயில் நுரையீரலுக்குள் பெரிய காற்றுப் பைகளோ, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவோ இருந்தாலும் தெரிந்துவிடும். உயரத்தில் அடைபட்ட காற்று கால்பங்குக்கு மேல் விரியும். கசிவு இருந்தால் அது முழுதாகச் சரியானதை எக்ஸ்ரேயில் பார்த்து, சில வாரம் கழித்தே பறக்கலாம்.

டிக்கெட் பார்க்கும்போது எந்த ரக விமானம் என்றும் பாருங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய இரண்டிலும் உள்ளே 6,000 அடி அளவுக்குத்தான் மெலியும். அவருக்கு அந்த ஆயிரம், இரண்டாயிரம் அடி வித்தியாசம் பெரிய விஷயம். நூறு யூரோ கூடுதலாக இருந்தாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

சொல்லாமல் ஏறலாமா?

மகனுடைய இந்த ஒரு யோசனையை மட்டும் கேட்காதீர்கள். ஏற்ற மாட்டார்கள் என்று அவர் பயப்படுவது புரிகிறது. நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மறுப்பதற்காக வைத்த விதிகள் இல்லை இவை. பயணத்தைப் பத்திரமாக முடிக்க முடியுமா என்ற சந்தேகம் இருந்தால், ஆக்ஸிஜன் தேவைப்பட்டால், அண்மையில் ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் மருத்துவச் சான்று கேட்க ஏர்லைன்ஸுக்கு உரிமை உண்டு. அதற்கென்று ‘மெடிஃப்’ என்ற படிவம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை நீங்களும் ஒரு பகுதியை டாக்டரும் நிரப்ப வேண்டும். ஏர்லைன்ஸின் மருத்துவக் குழு பார்த்து, சரி என்றோ, ஆக்ஸிஜனோடு சரி என்றோ சொல்வார்கள். உதவி வேண்டுமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்ல வேண்டும். ஆக்ஸிஜன் விஷயத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். சக்கர நாற்காலியும் கேளுங்கள். பெங்களூர் விமான நிலையத்தில் வாசலிலிருந்து கேட் வரைக்கும் நடை நீளம், ஃபிராங்க்ஃபர்ட்டில் அதைவிட நீளம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டில் நின்றால், சான்று இல்லாத ஒரே காரணத்துக்காக அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜெர்மனி விசாவுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம், மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ. ஆனால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அந்தப் பாலிசி பணம் தருமா என்பதைப் படித்துப் பாருங்கள். சாதாரணப் பாலிசிகள் பல தராது. நோயை மறைத்து எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு அங்கே ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் பாரம் முழுவதும் மகள் தலையில் விழும். பிரசவ நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு இது வேண்டாம்.

நீங்கள் மட்டும் போவது

பரிசோதனை நன்றாக வந்தால், தேவைப்பட்டால் ஆக்ஸிஜன் ஏற்பாட்டோடு, இருவரும் சேர்ந்தே போங்கள். நன்றாக வரவில்லையென்றால், அல்லது மெடிஃப் வேலை பிரசவத் தேதிக்குள் முடியாது என்றால், நீங்கள் முதலில் போங்கள். அவர் உடம்பைத் தேற்றிக்கொண்டு, பேரப்பிள்ளைக்கு மூன்று நான்கு மாதம் ஆனதும், மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வரட்டும். குளிர் காலத்தைத் தவிர்த்து வந்தால் அவருக்கும் நல்லது. தவிக்க விட்டுப் போனதாக ஊர் பேசும் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவானில் அவருக்கு மூச்சு முட்டும்போது ஊர் அங்கே வராது அம்மா. இன்ஹேலரை வேளைக்கு எடுக்கச் சொல்லி, மகன் வீட்டில் பத்திரமாக அவரை விட்டுப் போவது தவிக்க விடுவது ஆகாது. இதை அவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, அவருடையது மட்டும் இல்லை.

அவர் வருவதென்றால், இன்ஹேலரும் அதோடு மாட்டுகிற ஸ்பேசர் குழாயும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். மருந்தின் ரசாயனப் பெயரோடு டாக்டர் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். கேபின் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், சளி இறுகும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூக்க மாத்திரை வேண்டாம். நடைபாதைப் பக்கம், கழிவறைக்கு அருகில் இருக்கை கேளுங்கள். விரல் மிஷினைக் கொண்டுபோங்கள், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்துப் பதறாதீர்கள். எவ்வளவு இறங்கினால் பணியாளரைக் கூப்பிட வேண்டும் என்பதை அவரைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உதடு நீலமாவது, பேச்சு குழறுவது, வழக்கத்துக்கு மாறான குழப்பம் இதில் எது வந்தாலும் எண்ணைப் பார்க்காமல் உடனே கூப்பிடுங்கள்.

உங்கள் காது

ஏற்காடு மலையிறங்கும்போது காது அடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். விமானத்திலும் ஏறும்போது அவ்வளவு தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். கேபினுக்குள் அழுத்தம், நிமிடத்துக்குச் சுமார் 300 அடி கீழே இறங்கினால் எப்படி மாறுமோ அப்படி மாறும், மலைப் பாதையில் பஸ் இறங்குவதைவிட வேகம். இறங்கத் தொடங்கியதாக அறிவித்ததும் விழித்திருங்கள். வாயில் ஒரு கமர்கட்டைப் போட்டுச் சப்பி விழுங்கிக்கொண்டே இருங்கள். அதிலும் விடவில்லையென்றால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள், பலமாக வேண்டாம். சளி இருந்தால் மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு போடலாம். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று எழுதவில்லை, இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

டிக்கெட் போடும்போது தேதி மாற்றிக்கொள்ள முடிகிற டிக்கெட்டாகப் போடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, கோழையின் நிறம் மாறினாலோ, இன்ஹேலரை வழக்கத்தைவிடக் கூடுதல் தடவை எடுக்க வேண்டியிருந்தாலோ, எல்லாப் பரிசோதனையும் நன்றாக வந்திருந்தாலும் அவருடைய பயணத்தைத் தள்ளிவையுங்கள்.